கெர்னல் அப்டேட்டுக்கு அப்புறம் சிபியூபவர் ஓடல, 6.8ல ஓடுது 6.11ல ஓடல

கேள்வி:
உபுண்டு 24.04, பழைய லேப்டாப். வெயில் காலத்துல கீபோர்ட்ல கை வைக்க முடியாது, அதனால சிபியூபவர்ங்கிற, ப்ராசசர் ஸ்பீட கட்டுப்படுத்துற டூல வச்சு ஸ்பீட 1.8 கிகாஹெர்ட்ஸுக்கு மேல போகாம பூட்டி, பூட் ஆகும்போதே ஓடுற மாதிரி ஒரு சர்வீஸும் எழுதி வச்சிருந்தேன், மாசக்கணக்கா ஒரு தொல்லையும் இல்ல. நேத்து அப்டேட் போட்டதுல கெர்னல் (சிஸ்டத்தோட மைய ப்ரோக்ராம்) 6.8ல இருந்து 6.11க்கு மாறிடுச்சு, ரீஸ்டார்ட் பண்ணா ஃபேன் மாவு மில்லு மாதிரி கத்துது. சர்வீஸ் ஃபெயில்டுனு செவப்பா நிக்குது. டெர்மினல்ல அடிச்சா 6.11 கெர்னலுக்கு சிபியூபவர் இல்லைன்னு வார்னிங், கீழயே லினக்ஸ்-டூல்ஸ்-ஜெனரிக் பேக்கேஜ போட்டுக்கோன்னும் சொல்லுது. போட்டா ஏற்கெனவே இருக்குங்குது!! பூட் மெனு க்ரப்ல பழைய 6.8 எடுத்து பூட் பண்ணா எல்லாம் ஒழுங்கா ஓடுது. தலை சுத்துது

பதில் 1:
செக்யூர் பூட் ஆஃப் பண்ணி பாருங்க ப்ரோ, எனக்கு விர்ச்சுவல்பாக்ஸ் இப்படித்தான் படுத்துச்சு

பதில் 2:
அது வேற கதைங்க. விர்ச்சுவல்பாக்ஸுக்கு கெர்னலுக்குள்ள ஏறுற மாட்யூல் வேணும், சைன் இல்லேன்னா செக்யூர் பூட் உள்ள விடாது. சிபியூபவர் சாதா ப்ரோக்ராம்தான்.
யூஎஸ்ஆர் பின் ஃபோல்டர்ல இருக்கிற சிபியூபவர கேட் கமாண்ட் போட்டு உள்ள என்ன இருக்குன்னு பாருங்க, அது வெறும் ஷெல் ஸ்கிரிப்ட். இப்ப ஓடுற கெர்னல் பேரா யூநேம் -ஆர் கமாண்ட் என்ன சொல்லுதோ அந்தப் பேர்ல லினக்ஸ்-டூல்ஸ்குள்ள ஒரு ஃபோல்டர் இருக்கான்னு தேடும், இருந்தா அசல் ப்ரோக்ராம ஓட்டும், இல்லேன்னா அந்த வார்னிங்க காட்டிட்டு வெளிய வந்துடும். லினக்ஸ்-டூல்ஸ்ல வர்ற மத்த டூல்ஸ் பெர்ஃப், டர்போஸ்டாட்டும் இதே கதிதான்.
டெஸ்க்டாப்பா போட்டிருந்தா உங்க கெர்னல் எச்டபிள்யூஈ (அதே உபுண்டுக்கு புதுப் புது கெர்னல் தர்ற) வரிசைல வருது, அதான் 6.11க்கு தாவிடுச்சு. லினக்ஸ்-டூல்ஸ்-ஜெனரிக் 6.8 வரிசையோடயே நின்னுடும். வார்னிங் சொல்ற பேரே உங்களுக்கு தப்பு, அதுக்கு கெர்னல் பேர் கடைசில இருக்கிற ஜெனரிக் மட்டும்தான் தெரியும், எச்டபிள்யூஈயான்னு பாக்காது. லினக்ஸ்-டூல்ஸ்-ஜெனரிக்-எச்டபிள்யூஈ-24.04 போடுங்க. (போன்ல அடிக்கிறேன், கமாண்ட இங்கிலீஷ்ல மாத்திக்கோங்க)

பதில் 3:
வார்னிங்ல நம்பரோட ஒரு பேக்கேஜ் பேர் வரும்ல, அதப் போட்டாலும் ஓடும், ஆனா அடுத்த கெர்னல் வந்ததும் மறுபடி இதே கூத்து. நான் மூணு தடவ பட்டுட்டேன்

கேட்டவர்:
அண்ணா ஓடிடுச்சு! எச்டபிள்யூஈ போட்டதும் சர்வீஸ ரீஸ்டார்ட் பண்ணேன், பச்சை. இந்த டூலே இல்லாம ஸ்பீட பூட்ட முடியாதா?

பதில் 2:
முடியும். சிஸ் ஃபோல்டர்ல ஒவ்வொரு சிபியூவுக்கும் ஸ்கேலிங்_மேக்ஸ்_ஃப்ரெக்னு ஒரு ஃபைல் இருக்கும், ரூட்டா 1800000னு எழுதினா போதும், கணக்கு கிலோஹெர்ட்ஸ்ல. எல்லா கோருக்கும் எழுதணும், ரீஸ்டார்ட் பண்ணா போயிடும்.

கேட்டவர்:
சர்வீஸ்ல இதையே போட்டுட்டேன். ஃபேன் சத்தமே இல்ல இப்ப