தெர்மோஸ்டாட்டை வீட்டிலேயே மாற்றலாமா? மலை இறங்கினால் டெம்பரேச்சர் முள் அடிக்கோட்டுக்குப் போகிறது

மலைப்பாதை:
வணக்கம். ஊட்டியில் இருக்கிறேன். கைமாறி வந்த 2013 மாடல், 1.2 லிட்டர் பெட்ரோல் ஹேட்ச்பேக். வாங்கியதிலிருந்தே டெம்பரேச்சர் முள் நடுவுக்கு வந்ததில்லை. டவுனுக்குள் ஊர்ந்து போகும்போது கொஞ்சம் ஏறும். கல்லட்டி வழியாக மசினகுடிக்கு இரண்டாவது கியரில் இறங்கினால் அடிக்கோட்டுக்கே போய்விடுகிறது. ஹீட்டரில் வருவது வெதுவெதுப்பான காற்றுதான், காலையில் கண்ணாடி மூட்டம் லேசில் கலைவதில்லை. மைலேஜும் சொல்லிக்கொள்ளும்படி இல்லை. போன வாரம் செக் என்ஜின் விளக்கு எரிந்தது. வண்டியின் கம்ப்யூட்டர் பதிந்த பிழைக் குறியீட்டைப் படிக்கும் ப்ளூடூத் ஓபிடி கருவியை மாட்டிப் பார்த்தால் பி0128 என்ற கோட் காட்டுகிறது, என்ஜின் போதிய சூட்டுக்கு வரவில்லை என்று அர்த்தமாம்.

தெர்மோஸ்டாட், அதாவது என்ஜின் சூடேறும்வரை கூலன்ட்டை (குளிர்விக்கும் திரவம்) ரேடியேட்டருக்கு விடாமல் தடுக்கும் வால்வுதான் காரணம் என்று படித்தேன். இங்கே ஒரு பட்டறையில் கேட்டதற்கு, "அதெல்லாம் குளிர் நாட்டுக்கு சார், நமக்கு எதுக்கு" என்றார். ஜனவரியில் புல்வெளியெல்லாம் உறைபனி படிகிற ஊரில் நின்றுகொண்டு சொல்கிறார்!

சாக்கெட் செட் இருக்கிறது. ஆயில், ஏர் ஃபில்டர் எல்லாம் நானே மாற்றுவேன். இதையும் வீட்டில் செய்ய முடியுமா? எங்கே மாட்டிக்கொள்வேன் என்று சொன்னால் உதவியாக இருக்கும்.

வேளச்சேரி:
அந்தப் பட்டறைக்காரர் சொன்னதில் தப்பில்லை. என் வண்டியில் தெர்மோஸ்டாட்டைக் கழற்றிப் பல வருஷம் ஆகிறது, ஒரு பிரச்சினையும் இல்லை. ஒரு பொருள் குறைந்தால் ஒரு கவலை குறைவு. கோடை டிராஃபிக்கில் அது மூடியபடி சிக்கிக்கொண்டால் என்ஜின் ஹெட்டுக்கு அடியில் இருக்கும் ஹெட் கேஸ்கெட் போய்விடும், அந்தச் செலவை யோசித்துப் பாருங்கள்.

கோவைப்பட்டறை:
வேளச்சேரி சார், மூடியபடி சிக்கினால் ஆபத்து என்பது சரி. அதற்கு மருந்து புதுசு வாங்கிப் போடுவதுதான். சில நூறு ரூபாய்ச் சாமான் அது.

என்ஜின் 85, 90 டிகிரியில் ஓடுவதற்கென்றே செய்யப்பட்டது. அந்தச் சூட்டுக்கு வராதவரை ஈசியூ (என்ஜினைக் கட்டுப்படுத்தும் கம்ப்யூட்டர்) "இன்னும் குளிராக இருக்கிறது" என்று நினைத்துப் பெட்ரோலைக் கூடுதலாக விடும். மலைப்பாதை தம்பிக்கு மைலேஜ் விழுவது அதனால்தான். எரியாத பெட்ரோலும் ஈரமும் ஆயிலில் இறங்கும், சூடு போதாததால் ஆவியாகி வெளியேறாது. ஆயில் மூடியைத் திறந்து அடிப்பக்கம் பாருங்கள் தம்பி, வெண்ணெய் தடவியதுபோல் இருந்தால் இதுதான் காரணம்.

இன்னொன்று. சில என்ஜின்களில் தெர்மோஸ்டாட்டின் அடியில் ஒரு தட்டு இருக்கும். மேல் வாய் திறக்கும்போது அந்தத் தட்டு பைபாஸ் வழியை அடைக்கும். அதைக் கழற்றிவிட்டால் சூடான கூலன்ட்டில் ஒரு பங்கு ரேடியேட்டருக்கே போகாமல் உள்ளேயே சுற்றும். அந்த மாதிரி வண்டியில் சூட்டைக் குறைக்கக் கழற்றிப் போட்டால், டிராஃபிக்கில் கூடத்தான் செய்யும்.

தம்பி, வாங்குவதற்கு முன் ஒரு சோதனை. காலையில் ஆறிய என்ஜினை ஸ்டார்ட் செய்து, ஃபேன், பெல்ட் பக்கம் கை போகாமல் மேல் ரேடியேட்டர் ஹோஸைத் தொட்டுக்கொண்டிருங்கள். தெர்மோஸ்டாட் நன்றாக இருந்தால் முதலில் ஹோஸ் ஜில்லென்றே இருக்கும். என்ஜின் சூடேறியபின் திடீரென்று கை வைக்க முடியாதபடி சுடும். ஆரம்பத்திலிருந்தே கொஞ்சம் கொஞ்சமாக வெதுவெதுப்பு ஏறினால் அது திறந்தபடி நிற்கிறது, அல்லது உள்ளே இல்லவே இல்லை. கூலன்ட் அளவையும் பாருங்கள், குறைந்திருந்தாலும் இந்த கோட் வரும். வெப்பநிலை சென்சார் பொய் சொன்னாலும் வரும். ராத்திரி முழுக்க நின்ற வண்டியில் இக்னிஷனை மட்டும் போட்டு ஓபிடியில் கூலன்ட் வெப்பநிலை பாருங்கள். வெளிக்காற்றின் அளவை ஒட்டி இருந்தால் சென்சார் சரி.

மலைப்பாதை:
நன்றி அண்ணா. ஹோஸ் ஆரம்பத்திலிருந்தே சூடேறுகிறது. சென்சார் காலையில் 11 டிகிரி காட்டியது, வெளியிலும் கிட்டத்தட்ட அதுதான். கூலன்ட் சரியான அளவில் இருக்கிறது. ஆயில் மூடியில் நீங்கள் சொன்ன அதே வெள்ளைப் படலம். இனிமேல் கழற்றிப் பார்க்க வேண்டியதுதான், முறையைச் சொல்லுங்கள்.

சாக்கெட்செட்:
நான் வீட்டில் செய்கிற ஆள், பட்டறைக்காரர் இல்லை. என் முறையைச் சொல்கிறேன், அண்ணன் திருத்தட்டும்.

முதல் விதி, என்ஜின் முழுக்க ஆறியிருக்க வேண்டும். ரேடியேட்டர் மூடி ஏறக்குறைய 1 பார் அழுத்தத்தைப் பிடித்து வைக்கிறது. அதனால் உள்ளே இருப்பது 100 டிகிரி தாண்டியும் கொதிக்காமல் நிற்கும், மூடி திறந்த நொடியில் கொதித்து முகத்தில் அடிக்கும். இரவு நிறுத்திய வண்டியைக் காலையில் எடுத்து வேலை செய்யுங்கள்.

ரேடியேட்டர் அடியில் ஒரு டிரெயின் பிளக் இருக்கும், பழைய வண்டியில் அந்த பிளாஸ்டிக் உடைந்து கையோடு வந்துவிடும். இறுக்கமாக இருந்தால் அதனோடு மல்லுக்கட்டாமல் கீழ் ஹோஸ் கிளிப்பைத் தளர்த்தி வடியுங்கள். அகலமான சுத்தமான டப்பா வையுங்கள். தரையில் சிந்தினால் உடனே கழுவிவிடுங்கள். கூலன்ட்டில் இருக்கும் எத்திலீன் கிளைகால் இனிக்கும், நாய் பூனை நக்கினால் கொன்றுவிடும்.

மேல் ஹோஸ் என்ஜினில் சேருமிடத்தில் இரண்டு போல்ட்டோடு ஒரு சின்ன அலுமினிய மூக்கு இருக்கும், பெரும்பாலும் அதுதான் தெர்மோஸ்டாட் உட்காரும் ஹவுசிங். சில என்ஜின்களில் கீழ் ஹோஸ் பக்கம் இருக்கும். 10 அல்லது 12 சாக்கெட் போதும். போல்ட் சுற்றாமல் முரண்டு பிடித்தால் துரு எண்ணெய் விட்டுக் காத்திருங்கள், பலத்தைக் காட்டினால் போல்ட் தலை போய்விடும். ஹோஸ் ஒட்டிக்கொண்டிருந்தால் ஸ்குரூடிரைவரால் நெம்பாமல் திருகி அசைத்துக் கழற்றுங்கள்.

போடும்போது ஸ்பிரிங் பக்கம் என்ஜினை நோக்கி. ஓரத்தில் ஆடுகிற குட்டி ஊசி ஒன்று இருந்தால் அது மேலே வர வேண்டும், காற்று போவதற்கான வழி அது. ரப்பர் கேஸ்கெட் என்றால் சிலிகான் பூசவே வேண்டாம்.

கோவைப்பட்டறை:
நன்றாகச் சொன்னீர்கள். போல்ட் சின்னது, ஹவுசிங் அலுமினியம், அதிகமாக முறுக்கினால் மரை போய்விடும். இரண்டையும் மாறி மாறிக் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்குங்கள். அது உட்காரும் இடத்தைப் பிளாஸ்டிக் சுரண்டியால் சுத்தம் செய்யுங்கள், பழைய கேஸ்கெட் துணுக்கு ஒன்று நின்றாலும் ஒழுகும்.

மலைப்பாதை:
ஹவுசிங்கைத் திறந்தேன். உள்ளே ஒன்றுமே இல்லை! கேஸ்கெட்டுக்குப் பதில் சிலிகானை வழித்து அப்பியிருக்கிறார்கள். முன்பு வைத்திருந்தவர் கழற்றிவிட்டார் போல.

கடையில் என்ஜின் நம்பர் சொல்லிப் புதுசு வாங்கிவிட்டேன், 88 என்று பொறித்திருக்கிறது. ஆனால் போடுமுன் பழைய அலுமினியப் பாத்திரத்தில் தண்ணீர் கொதிக்கவைத்து நூலில் கட்டித் தொங்கவிட்டேன். தளதளவென்று கொதிக்கிறது, இது சும்மா மயிரிழை அளவுக்குத்தான் திறக்கிறது. கடைக்காரர் ஏமாற்றிவிட்டாரா?

சாக்கெட்செட்:
வெப்பமானி எவ்வளவு காட்டியது?

மலைப்பாதை:
92, 93. அதற்கு மேல் ஏறவே இல்லை.

கோவைப்பட்டறை:
கடைக்காரர் பாவம், விடுங்கள். ஊட்டி 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, அங்கே தண்ணீர் கொதிப்பதே கிட்டத்தட்ட 92, 93 டிகிரியில்தான். எவ்வளவு எரித்தாலும் திறந்த பாத்திரத்தில் அதைத் தாண்டாது. தெர்மோஸ்டாட்டில் பொறித்திருப்பது திறக்க ஆரம்பிக்கும் அளவு, முழுக்கத் திறக்க அதற்குமேல் பத்துப் பன்னிரண்டு டிகிரி வேண்டும். உள்ளே இருக்கும் மெழுகு உருகி விரியும்போது தண்டைத் தள்ளுகிறது, அந்த மெழுகுக்குப் போதிய சூடு உங்கள் பாத்திரத்தில் கிடைக்கவில்லை. 88 வாக்கில் அசைய ஆரம்பித்து, எடுத்து ஆறவைத்ததும் முழுக்க மூடிக்கொண்டால் அது நல்ல சாமான்தான்.

ஆனால் அதை மாட்டுவதற்கு முன் நான் கேட்க நினைப்பது வேறு. யாரும் சும்மா தெர்மோஸ்டாட்டைக் கழற்றமாட்டார்கள். முன்பு வண்டி ஹீட் ஆகியிருக்கிறது, அதற்குப் பரிகாரமாகத்தான் கழற்றியிருப்பார்கள். காரணத்தைக் கண்டுபிடிக்காமல் இதைப் போட்டால் பழைய நோய் திரும்ப வரும், இந்தத் தடவை மேட்டுப்பாளையத்திலிருந்து ஏறும்போது வரும். ரேடியேட்டர் அடைப்பு, வாட்டர் பம்ப் ஒழுகல், அழுத்தம் பிடிக்காத மூடி, ஃபேன், எல்லாவற்றையும் பாருங்கள். ஃபேனைச் சோதிப்பது சுலபம்: என்ஜினை ஓடவிட்டு ஏசியைப் போடுங்கள். சின்ன கார்களில் பெரும்பாலும் ரேடியேட்டருக்கும் ஏசிக்கும் ஒரே ஃபேன், ஏசி போட்டதும் சுற்ற வேண்டும்.

மலைப்பாதை:
அண்ணா, ஹவுசிங்கைத் தற்காலிகமாக மூடிக் கூலன்ட்டை ஊற்றி ஓடவிட்டுப் பார்த்தேன். ஃபேன் சுற்றவில்லை. ஊட்டியில் யார் ஏசி போடுகிறார்கள், அதனால் இத்தனை நாள் தெரியவே இல்லை. ஃபியூஸ் நன்றாக இருக்கிறது. ஃபேனுக்கு மின்சாரம் விடும் சுவிட்சான ரிலேவுக்குப் பக்கத்தில் அதே நம்பரில் ஹார்ன் ரிலே இருந்தது, இரண்டையும் இடம் மாற்றிப் போட்டால் ஃபேன் சுற்றுகிறது, ஹார்ன் ஊமையாகிவிட்டது!

கோவைப்பட்டறை:
ஆக, ஒரு ரிலே போனதற்குத் தெர்மோஸ்டாட்டைப் பலி கொடுத்திருக்கிறார்கள். புது ரிலே போடுங்கள். கொண்டை ஊசி வளைவுகளில் ஹார்ன் இல்லாமல் போகாதீர்கள்.

வேளச்சேரி:
இது நியாயமான விஷயம். என் வண்டியிலும் எதற்காகக் கழற்றினார்கள் என்று நான் கேட்டதே இல்லை. அந்த பைபாஸ் தட்டு என் என்ஜினில் உண்டா என்று விசாரிக்கிறேன். சென்னை வெயிலில் மைலேஜ் பெரிதாக மாறுமா என்பதில் மட்டும் எனக்கு இன்னும் சந்தேகம்தான்.

சாக்கெட்செட்:
மலைப்பாதை, இப்போது கூலன்ட் நிரப்பும் கட்டம், பெரும்பாலோர் மாட்டிக்கொள்வது இங்கேதான். காற்று உள்ளே நின்றுவிட்டால் ஹீட்டர் குளிர்காற்று விடும், டேஷ்போர்டுக்குப் பின்னால் தண்ணீர் ஓடுகிற சத்தம் கேட்கும், முள் குதிக்கும். உங்கள் ஊரில் மேட்டுக்குப் பஞ்சமில்லை, வண்டியின் முன்பக்கம் உயர்ந்திருக்கும்படி நிறுத்தி ஹேண்ட்பிரேக் போட்டுச் சக்கரத்துக்குக் கல் வையுங்கள். ரேடியேட்டர் மூடிதான் மேடான இடத்தில் இருக்க வேண்டும்.

ஹீட்டரை முழுச் சூட்டில் வைத்து, மெதுவாக ஊற்றிக்கொண்டே மேல் ஹோஸை அமுக்கி அமுக்கி விடுங்கள், குமிழி வரும். காற்றை வெளியேற்றும் ஸ்குரூ இருந்தால் தண்ணீர் ஒரே தாரையாக வரும்வரை திறந்து வையுங்கள். அப்புறம் மூடியைப் போட்டு ஃபேன் இரண்டு தடவை சுற்றி நிற்கும்வரை ஐடிலில் ஓடவிட்டு, முழுக்க ஆறியபின் திறந்து குறைந்ததை நிரப்புங்கள். ரிசர்வ் டேங்க்கைக் குறைந்த கோட்டுக்கும் அதிகக் கோட்டுக்கும் நடுவில் வைத்தால் போதும்.

கிணற்றுத் தண்ணீர், குழாய்த் தண்ணீர் வேண்டாம், உப்பு படிந்து ரேடியேட்டர் அடைக்கும். கலந்தே வருகிற கூலன்ட் வாங்கினால் தொல்லை இல்லை. தனி கான்சன்ட்ரேட் என்றால் டிஸ்டில்டு வாட்டரோடு பாதிக்குப் பாதி, அது மைனஸ் 37 வரை உறையாது. நிறத்தைப் பார்த்து வாங்காதீர்கள், ஒரே பச்சையில் வேறு வேறு ரசாயனம் வரும். கையேட்டில் சொன்ன வகைதான் கணக்கு.

மலைப்பாதை:
முடிந்தது. சிலிகானைச் சுரண்டி எடுக்கத்தான் பாதி நேரம் போனது. இன்று கல்லட்டியில் மசினகுடிவரை இறங்கி ஏறிவிட்டேன். ஓபிடியில் இறக்கத்தில் 86, ஏற்றத்தில் 94, ஃபேன் தானாக வந்து நின்றது. ஹீட்டரில் கை வைக்க முடியவில்லை. அந்த பி0128 குறியீட்டை அழித்தபின் விளக்கு வரவில்லை. ஹோஸ் கிளிப் ஒன்றின் ஓரத்தில் ஒரு சொட்டு ஈரம், அதை மட்டும் இறுக்கினேன்.

ஒரு கேள்வி: ஆயிலில் பெட்ரோல் இறங்கியிருக்கும் என்றீர்களே, மாற்றிவிடவா?

கோவைப்பட்டறை:
மாற்றிவிடுங்கள், ஃபில்டரோடு. இத்தனை நாள் குளிர்ந்தே ஓடிய என்ஜின். கொஞ்ச நாள் கூலன்ட் அளவைக் காலையில் ஒரு தடவை பாருங்கள், ஒளிந்திருந்த காற்று வெளியே வந்தால் சற்றுக் குறையும், நிரப்பினால் நின்றுவிடும். தொடர்ந்து குறைந்தால் எழுதுங்கள்.

தேனிடீசல்:
இடையில் வருகிறேன், மன்னிக்கவும். என்னுடையது 1.3 டீசல், அதிலும் முள் நடுவுக்கு வருவதில்லை. இதே மாதிரி வால்வை மட்டும் மாற்ற முடியுமா?

கோவைப்பட்டறை:
டீசல் ஐடிலில் அதிகம் சூடேறாது, அதனால் நிறுத்தி வைத்த வண்டியில் முள்ளைப் பார்த்து முடிவெடுக்காதீர்கள். ஓட்டும்போதும் ஏறவில்லை என்றால்தான் சந்தேகம். பல டீசல் என்ஜின்களில் தெர்மோஸ்டாட்டும் ஹவுசிங்கும் ஒரே துண்டாக வரும், உள்ளே இருப்பதை மட்டும் பிரித்து மாற்ற முடியாது. என்ஜின் நம்பரோடு புது இழை போடுங்கள், பார்த்துச் சொல்கிறேன்.