ஸ்கோர் பட்டியலில் விடுபட்ட பெயர்: மலையகத்தில் விளையாட்டு இணையத்தளம் செய்வோரின் அனுபவங்கள்

ஹட்டனிலிருந்து:

தோட்டப் பாடசாலைகளின் கிரிக்கெட் ஸ்கோரைத் தளத்தில் ஏற்றுவது என் வேலை. பார்ப்பவர்களுக்குத் திரையில் தெரியும் முன்பக்கம் நான் செய்தது, பின்னால் ஓடும் மென்பொருள் கொழும்பில் வாங்கியது. போன மாதம் பஸ் நிலையத்தில் ஒரு அம்மா என்னை மறித்தார். மலையிலிருந்து நேராக வந்திருந்தார், விரலில் கொழுந்துக் கறை. "தம்பி, நீங்கதானே நெட்டுல ஸ்கோர் போடுறது? இதப் பாருங்க."

மகள் 63 ஓட்டம் அடித்த ஆட்டம். பட்டியலில் அப்பாவின் பெயர் முழுசாக இருக்கிறது, மகளின் பெயரில் முதல் எழுத்து மட்டும். நம் பக்கம் அப்பா பெயர்தானே முன்னால் வரும், இடம் தீர்ந்ததும் மென்பொருள் மிச்சத்தை வெட்டிவிடுகிறது. "அவங்க அப்பா மட்டையே புடிச்சதில்ல தம்பி. அடிச்சது எம் புள்ள." லயத்தில், அந்தத் தோட்டத்து வரிசை வீடுகளில், எல்லோருக்கும் இதைத்தான் காட்டியிருக்கிறார். விற்ற நிறுவனத்துக்கு எழுதினேன். ஆங்கிலத்தில் போட்டால் அடங்கும் என்று ஒரு வரி பதில். எனக்கு மனசு ஆறவில்லை. உங்களுக்கும் இப்படி நடந்ததா?

நானுஓயாவிலிருந்து:

எனக்கு நடந்தது பனிமூட்டத்தில். மைதான ஓரத்தில் உட்கார்ந்து நேரடி ஸ்கோர் போட்டுக்கொண்டிருந்தேன். பக்கத்தில் வயசான ஸ்கோரர் ஐயா, பென்சிலும் புத்தகமும். மூட்டம் இறங்கியதும் நடுவரின் கை தெரியவில்லை. ஐயா எழுந்து உள்ளே சத்தம் போட்டார்: "லைட்ட காட்டுங்க! நாலுக்கு ஒருக்கா, ஆறுக்கு ரெண்டு தரம்!" நடுவர் போன் டார்ச்சை உயர்த்தினார், ஐயா எழுதினார், நான் தட்டினேன். ரெண்டு ஓவர் அப்படியே போனது. அப்புறம் நடுவர்கள் ஆட்டத்தை நிறுத்தினார்கள். கொஞ்ச நேரம் பந்து எதுவும் வராததால் தளம் தானாகவே "ஆட்டம் முடிந்தது" என்று போட்டுவிட்டது. ஐயா என் திரையைப் பார்த்துவிட்டு, "யாரு முடிச்சது?" என்று கேட்டார். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை.

கண்டியிலிருந்து:

ஹட்டன் தம்பி, நிறுவனம் சொன்ன காரணத்தை நீங்கள் ஏற்றுக்கொண்டது போல இருக்கிறது. தமிழ்ப் பெயர் நீளம் என்பதல்ல பிரச்சினை, அந்த மென்பொருள் எழுத்தை எண்ணாமல் பைட்டை, அதாவது அது கணினியில் பிடிக்கும் இடத்தை, எண்ணுகிறது. முத்தையா முரளிதரன் என்று எழுதிப் பாருங்கள். கண்ணுக்கு 10 எழுத்து. கணினியில் எழுத்தைச் சேமிக்கும் யுடிஎஃப்-8 முறையில் ஒவ்வொரு தமிழ்க் குறியும் 3 பைட், "மு" என்பதிலேயே ம ஒன்று, உகரக் குறி ஒன்று, ஆக இரண்டு குறி. இடைவெளியையும் சேர்த்தால் 52 பைட். பெயருக்கு 40 பைட் மட்டும் ஒதுக்கிய பெட்டியில் "முத்தையா முரளி" வரைக்கும்தான் நிற்கும். 800 டெஸ்ட் விக்கெட் எடுத்த நம் ஊர்க்காரரின் பெயரே அடங்காத பெட்டியை யாரும் ஏற்கக் கூடாது.

சொந்தப் பெயருக்கும் அப்பா பெயருக்கும் தனித்தனிப் பெட்டி வையுங்கள். தரவுத்தளத்தில் எதையும் வெட்டாதீர்கள், சுருக்க வேண்டுமானால் திரையில் மட்டும் சுருக்குங்கள், அதிலும் அப்பா பெயரைத்தான் முதலெழுத்தாக்க வேண்டும். எழுத்து எண்ண ஜாவாஸ்கிரிப்ட் நிரல் மொழியில் இன்டல்.செக்மென்டர் (Intl.Segmenter) என்ற கருவி இருக்கிறது, அது புள்ளியையும் கொம்பையும் எழுத்திலிருந்து பிரிக்காது. நானுஓயா நண்பருக்கும் ஒன்று: ஆட்டம் முடிந்ததா என்பதைக் கடிகாரம் முடிவு செய்யக் கூடாது, ஸ்கோரர் அழுத்தும் பொத்தான் முடிவு செய்யட்டும். "மழையால் நிறுத்தம்" என்று தனி நிலையும் வேண்டும், நம் பக்கம் அது இல்லாமல் முடியாது. ஓவரையும் தசமமாக வைக்காதீர்கள், பந்தாக எண்ணி வையுங்கள். ஓவருக்கு ஆறு பந்துதானே, 19.5க்கு அடுத்தது 20.

என் அனுபவம் சின்னது. 2023 செப்டம்பர் 2, பல்லேகல, ஆசியக் கிண்ணத்தில் இந்தியா பாகிஸ்தான் ஆட்டம். இந்தியா 266, பிறகு மழை. பாகிஸ்தான் ஒரு பந்துகூட ஆடவில்லை. குண்டசாலையில் ஒரு தேநீர்க் கடையில் நனைந்த பிள்ளைகளோடு நின்ற ஒருவர், நான் வேலை செய்யும் தளத்தைக் காட்டி, "இலக்கு 267னு இன்னும் இருக்கே, ஆடுவாங்களா?" என்று கேட்டார். அந்த வரியை நம்பித்தான் காத்திருந்தார்.

பண்டாரவளையிலிருந்து:

கண்டி அண்ணே, நடந்ததா என்றுதான் ஹட்டன்காரர் கேட்டார். எனக்கு நடந்தது. வலைப்பந்து ஆட்டம் ஒன்றில் இப்படித்தான் ஒரு பிள்ளையின் பெயர் அறுந்தது. கொழும்பில் கடையில் வேலை செய்யும் அவளுடைய அண்ணன் எனக்கே போன் எடுத்து, "தங்கச்சிய டீம்ல இருந்து எடுத்துட்டாங்களா?" என்று கேட்டார். இல்லை, அவள்தான் அதிக கோல் போட்டாள் என்று சொன்னதும் பேச்சு வரவில்லை அவருக்கு.

ஹட்டனிலிருந்து:

கண்டி அண்ணே, நன்றி. நிறுவனம் சொன்னதை நான் ஏற்கவில்லை, அதனால்தான் இங்கே கேட்டேன். தனிப் பெட்டி யோசனையை நேற்று முன்பக்கத்தில் செய்தேன். அந்த 63 இப்போது பிள்ளையின் பெயரில் இருக்கிறது, அம்மாவுக்கு இணைப்பு அனுப்பிவிட்டேன். வெட்டுப்பட்ட பழைய பெயர்களைத் திரும்ப எடுக்க வழியில்லை, கையால்தான் திருத்த வேண்டும். பாடசாலை ஸ்கோர் புத்தகம் வைத்திருப்பவர்கள் பக்கங்களைப் படம் பிடித்து அனுப்புங்கள். நானுஓயா அண்ணே, அந்த ஐயாவிடமும் கேட்டுப் பாருங்கள்.