ரெக்கார்டை எடுத்தாலே ஸ்பீக்கரில் 'பட்' சத்தம்

தண்டையார்பேட்டை வாசகர்:
அப்பாவின் பழைய எல்பி ரெக்கார்டுகளைக் கேட்க டர்ன்டேபிள் வாங்கினேன். எப்போதும் ஏசி ஓடும் அறை. உறையிலிருந்து தட்டை உருவினால் கை முடி சிலிர்த்து நிற்கிறது, முள்ளை வைக்கக் கை நீட்டினால் ஸ்பீக்கரில் 'பட்'டென்று வெடிக்கிறது, பாட்டு ஓடும்போதும் பொரிகிற சத்தம். கடல் பக்கத்திலேயே இருக்கிற நமக்கு இது எப்படி வருகிறது? ஆம்ப் (ஆம்ப்ளிஃபையர்) போய்விடுமோ என்று பயமாக இருக்கிறது.

ராயபுரம்:
தம்பி, வெளியே எவ்வளவு ஈரம் இருந்தாலும் ஏசி அதை இழுத்துவிடும். தட்டு பிவிசி பிளாஸ்டிக், காகித உறையில் உரசினாலே மின்னேற்றம் ஏறும், காய்ந்த காற்றில் அது சீக்கிரம் இறங்காது. தட்டு சுற்றும்போது கார்பன் ஃபைபர் பிரஷ்ஷை இரண்டு சுற்று லேசாக வைத்து எடுங்கள், காகித உள்ளுறைக்குப் பதில் மின்னேற்றம் ஏறவிடாத ஆன்டி ஸ்டாடிக் உறை போடுங்கள். நான் ஏசியை நிறுத்தி, ஜன்னலைத் திறந்து, அரை மணி நேரம் கழித்துத்தான் கேட்பேன். காசிமேட்டுக் கடல் காற்றே பாதி வேலையைச் செய்துவிடும்.

பெரம்பூர்:
டர்ன்டேபிளின் மெல்லிய எர்த் வயர் ஆம்புக்குப் பின்னால் உள்ள திருகில் மாட்டியிருக்கிறதா பாருங்கள். அப்புறம், ஆம்பின் உலோக உடம்பைத் தொடும்போதெல்லாம் விர்ரென்று இழுத்தால் அது உரசலில் ஏறும் ஸ்டாடிக் இல்லை, மின்கசிவு. ஸ்டாடிக் ஒரு தடவை அடித்துவிட்டு அடங்கிவிடும். கசிவு என்றால் பிளக்கைப் பிடுங்கிவிட்டு எலெக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள்.

தண்டையார்பேட்டை வாசகர்:
வயர் கழன்றுதான் கிடந்தது! மாட்டிவிட்டேன், வெடிச் சத்தம் நின்றுவிட்டது. பொரிகிற சத்தம் இன்னும் கொஞ்சம் இருக்கிறது, சரி, பிரஷ் வாங்கிவிடுகிறேன். ரொம்ப நன்றி அண்ணா.