ஃபோம் கவசத்தின் தோள் இணைப்பு வெயிலில் பிரிகிறது, வண்ணம் வெடிக்கிறது: எங்கே தவறு செய்கிறேன்?

கேட்டவர்: செவ்வாய்க்காவலன், கோட்டையூர்

வணக்கம். காரைக்குடியில் பொறியியல் மூன்றாம் ஆண்டு படிக்கிறேன். எங்கள் கல்லூரி விழாவில் அறிவியல் புனைகதைப் பாத்திரங்களாக உடையணிந்து மேடையேறும் போட்டி ஒன்று இருக்கிறது. உடையை நாமே செய்திருக்க வேண்டும் என்பது விதி. செவ்வாய்க்கோளில் ஒரு சுரங்கத்தைக் காவல் காக்கும் வீரன் என்று நானாக ஒரு பாத்திரத்தைக் கற்பனை செய்துகொண்டு, அவனுக்கு நெஞ்சுக்கவசம், தோள்மூடி, முன்கைக்காப்பு, முழங்கால்மூடி ஆகியவற்றை அப்பத்தா வீட்டு வளவில் (திறந்த நடுமுற்றத்தில்) உட்கார்ந்து செய்து வருகிறேன்.

பொருள், உடற்பயிற்சிக் கூடங்களில் தரையில் விரிக்கும், ஒன்றோடொன்று கோத்துக்கொள்ளும் ஈவா (EVA) என்ற பிளாஸ்டிக் வகை ஃபோம் பாய். தடிமன் ஏறத்தாழ 10 மி.மீ. பசைக்குச்சியை உருக்கி ஒட்டும் துப்பாக்கியால் இணைப்புகளை ஒட்டினேன். வீட்டில் பார்க்கும்போது உறுதியாகவே இருந்தது. ஒத்திகைக்காகப் பகல் பன்னிரண்டு மணிக்கு மேல் பைக்கின் பின்னால் கட்டி எடுத்துச் சென்றேன். கல்லூரி போய்ச் சேர்வதற்குள் இரண்டு தோள் இணைப்புகளும் வாய் பிளந்துவிட்டன. திரும்ப ஒட்டி எடுத்துப்போனபோதும் அதே கதைதான்.

இரண்டாவது சிக்கல் வண்ணம். வெள்ளி நிற ஸ்ப்ரே பெயின்ட்டை ஃபோமின் மேல் நேரடியாக அடித்தேன். சில இடங்களில் ஃபோம் அதை உறிஞ்சிக் கருத்துப்போனது. வளைகிற இடங்களில் எல்லாம் வறண்ட கண்மாய்த் தரையைப் போல வெடித்திருக்கிறது. மூன்றாவதாக, நெஞ்சுப்பகுதி உடலோடு வளையாமல் அட்டைப் பெட்டியை மாட்டியது போல இருக்கிறது. போட்டிக்கு ஐந்து வாரங்கள் இருக்கின்றன. புதிதாகத் தொடங்கவும் தயாராக இருக்கிறேன். முதலில் எதைத் திருத்த வேண்டும்?


பதில்: செருப்புக்கடைக்காரர், தேவகோட்டை

தம்பி, மூன்றில் முதலில் திருத்த வேண்டியது ஒட்டும் முறைதான். எங்கள் கடையில் தினமும் ஈவா ஷீட்டோடுதான் பிழைப்பு. செருப்பின் அடிப்பாகத்துக்கும் உங்கள் கவசத்துக்கும் ஒரே சரக்கு. நீங்கள் உருக்கி ஒட்டிய பசைக்குச்சியிலும் பெரும்பாலும் அதே ஈவா வகைதான் முதன்மைப் பொருள். சூட்டில் உருகி ஒட்டுகிற பொருள் சூட்டில் இளகவும் செய்யும். சித்திரை வெயிலில் பைக்கின் பின்னால் கட்டிய கருப்பு ஃபோமின் மேல் கையை வைத்துப் பாருங்கள், உங்களுக்கே புரியும்.

இதற்கு வேண்டியது நாங்கள் சொல்யூஷன் என்று சொல்லும் மஞ்சள் நிறப் பசை. தச்சர்கள் மைக்கா ஒட்டுவதற்கு வாங்குவதும் இதே இனம்தான் என்பதால் ஹார்டுவேர் கடையிலும் கிடைக்கும். பெரும்பாலோர் தவறு செய்வது பொறுமையில்தான். ஒட்ட வேண்டிய இரண்டு முகங்களையும் உப்புத்தாளால் லேசாகத் தேய்த்துத் தூசியைத் துடைத்துவிடுங்கள். அட்டைத்துண்டால் இரண்டு பக்கமும் மெல்லிசாகத் தடவுங்கள். வெட்டிய ஓரம் முதல் பூச்சைக் குடித்துவிடும். அது காய்ந்தபின் இன்னொரு பூச்சு கொடுங்கள். பத்து நிமிடமோ பதினைந்து நிமிடமோ கடிகாரத்தைப் பார்க்க வேண்டாம், விரல் முட்டியால் தொட்டுப் பாருங்கள். பிசுபிசுப்பு தெரிய வேண்டும், ஆனால் நூல் இழுக்கக் கூடாது. ஈரமாக இருக்கும்போதே சேர்த்து அழுத்தினால் உள்ளே கரைப்பான் மாட்டிக்கொண்டு இணைப்பு பலப்படாது.

சேர்க்கும்போது இரண்டு முனைகளை முதலில் பொருத்தி, பிறகு நடுவைப் பொருத்தி, மிச்சத்தை அங்கிருந்து பக்கவாட்டில் தட்டிக்கொண்டே வாருங்கள். ஒருமுறை தொட்டால் அது பிடித்துக்கொள்ளும். நகர்த்திச் சரிசெய்ய இடம் தராது. ஒரு மூலையிலிருந்து தொடங்கினால் மறுமூலையில் அரை அங்குலம் மிஞ்சி நிற்கும். ஒட்டியவுடன் பிடி நன்றாகத் தெரிந்தாலும் முழு பலம் வர ஒரு நாள் விட்டுவிடுங்கள்.

இன்னொன்றைக் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். இதன் வாடையில் டொலுயீன் போன்ற கரைப்பான்கள் இருக்கும்; தலைசுற்றல் வரும், தீயும் பற்றும். துணி முகக்கவசம் தூசியைத்தான் தடுக்கும், இந்த வாடையைத் தடுக்காது. நீங்கள் வளவில் வேலை செய்வது நல்லதுதான், மேலே வானம் திறந்திருக்கிறது. ஆனால் மாலையில் வீட்டார் விளக்கேற்றும் நேரத்தில் டின்னின் மூடி திறந்திருக்கக் கூடாது. பசை காயாத துண்டின் அருகில் வெப்பக்காற்றுத் துப்பாக்கியை எடுக்கவும் கூடாது.

செலவைக் குறைக்கலாமென்று தெர்மாகோல் பக்கம் போய்விடாதீர்கள். சொல்யூஷன் பட்டால் அது கரைந்து குழியாகிவிடும். டிவி பெட்டிக்குள் வரும் வெள்ளைப் பஞ்சுத்தாளும் ஈவா அன்று. அதில் இந்தப் பசை சரியாகப் பிடிக்காது.


பதில்: தையற்காரி, கானாடுகாத்தான்

செருப்புக்கடை அண்ணன் ஒட்டுவதைப் பற்றிச் சொல்லிவிட்டார். நான் வெட்டுவதைப் பற்றி மட்டும் எழுதுகிறேன், ஏனெனில் பெட்டி போலத் தெரிவது முழுக்க வெட்டின் கோளாறு. ரவிக்கை தைக்கத் தெரிந்த யாரைக் கேட்டாலும் இதைச் சொல்வார்கள்: தட்டையான துணி உடம்பின் மேட்டைத் தழுவ வேண்டுமானால் டாட் பிடிக்க வேண்டும், அதாவது ஆப்பு வடிவில் ஒரு மடிப்பைப் பிடித்துத் தைக்க வேண்டும். துணியிலாவது சுருக்கம் விழுந்து கொஞ்சம் சமாளித்துக்கொள்ளும். 10 மி.மீ. ஃபோமுக்கு அந்த இரக்கமெல்லாம் கிடையாது.

ஃபோமை ஓரமாக வைத்துவிட்டு, ஒரு பழைய பனியனைப் போட்டுக்கொண்டு அதன்மேல் சமையலறையில் உணவை மூடும் மெல்லிய பிளாஸ்டிக் தாளைச் சுற்றச் சொல்லுங்கள். அதன்மேல் அகலமான துணி டேப்பைத் துண்டு துண்டாக ஒட்ட வேண்டும். இறுக்கிச் சுற்றினால் மூச்சு முட்டும், அளவும் சுருங்கிவிடும். ஓடு போல ஆனதும் கவசத்தின் கோடுகளை அதன் மேலேயே மார்க்கரால் வரைந்து, நடுமார்புக் கோட்டையும் போட்டுக்கொண்டு, மழுங்கிய முனையுள்ள கத்தரிக்கோலால் முதுகுப்புறம் வெட்டிக் கழற்றச் சொல்லுங்கள். வெட்டுகிற கை உங்களுடையதாக இருக்க வேண்டாம். பிறகு ஒரு பாதியை மட்டும் எடுத்துத் தரையில் தட்டையாகப் படியும்வரை ஆங்காங்கே கீறிவிடுங்கள். கீறிய இடம் ஆப்பு வடிவில் விரியும். அதுதான் உங்கள் டாட். இதைத் தாளில் படியெடுத்து, மறுபாதிக்குத் தாளைத் திருப்பிப் போட்டு வரையுங்கள். நம் உடம்பின் இரண்டு பக்கமும் சமமாக இருப்பதில்லை, ஆனால் கவசம் சமமாக இருந்தால்தான் கண்ணுக்கு அழகாக இருக்கும்.

துணியைப் போல ஓரத்தில் தையலுக்கு இடம் விடாதீர்கள். ஃபோமில் ஓரத்தோடு ஓரம் முட்டித்தான் ஒட்டுகிறோம். தடிமனுக்குத்தான் கணக்கு வேண்டும். 1 செ.மீ. ஃபோமை உடலைச் சுற்றி வளைத்தால் வெளிச்சுற்று உள்சுற்றைவிட 6 செ.மீ.க்குச் சற்று அதிகமாக வரும். வளைவு நடுத்தடிமனில் நடப்பதால், உடலை முழுதாகச் சுற்றிவரும் துண்டுக்குத் தாள் அளவைவிட 3 செ.மீ. கூட்டிக்கொள்ளுங்கள். பொறியியல் படிக்கிறவருக்கு இது ஏன் என்று நான் விளக்க வேண்டியதில்லை. டாட்டின் ஓரங்களைக் கத்தியைச் சாய்த்துப் பிடித்து, உட்பக்கம் அதிகம் கழியும்படி வெட்டினால் மடியும்போது உள்முனைகள் இடித்துக்கொள்ளாது.

கத்தி அடிக்கடி மழுங்கும். முனை முறித்துப் பயன்படுத்தும் கட்டரில் புது முனையை எடுங்கள், அல்லது பீங்கான் கோப்பையைக் கவிழ்த்து அதன் அடியில் மெருகில்லாத சொரசொரப்பான வளையத்தில் நாலு இழுப்பு இழுங்கள். பழைய வீடுகளில் பீங்கானுக்கா பஞ்சம்? ஒரே அழுத்தில் வெட்டாமல் இரண்டு மூன்று இழுப்பில் வெட்டினால் ஓரம் செங்குத்தாக நிற்கும்.

ஒரு செய்தி, சொல்லாமல் இருக்க மனம் வரவில்லை. 1939-இல் நியூயார்க்கில் நடந்த முதல் உலக அறிவியல் புனைகதை மாநாட்டுக்கு ஃபாரஸ்ட் ஆக்கர்மன் என்ற ரசிகர் எதிர்கால மனிதரின் உடையில் போனார் என்று எல்லோரும் எழுதுவார்கள். அந்த உடையை உருவாக்கியவர் மர்ட்டில் டக்ளஸ் என்ற பெண். அவரும் அதே மாநாட்டுக்குத் தாம் செய்த உடையில் வந்திருந்தார்.


செவ்வாய்க்காவலன்

அக்கா, அண்ணன், இருவருக்கும் நன்றி. டேப் ஓடு முறையில் தாள் வடிவம் எடுத்துவிட்டேன். அக்குளிலிருந்து மார்பை நோக்கி ஒரு டாட், தோளில் ஒரு டாட் வந்திருக்கிறது. தாளில் ஒட்டிப் பார்த்தபோதே பெட்டித் தோற்றம் போய்விட்டது. ஆனால் தோள்மூடி கிண்ணம் போல வளைய வேண்டும், அதற்கு டாட் மட்டும் போதவில்லை. அம்மாவின் முடி உலர்த்தியால் சூடாக்கிப் பார்த்தேன். ஃபோம் கொஞ்சம் வளைந்து, பிறகு பழையபடி நிமிர்ந்துகொண்டது. வண்ணத்தைப் பற்றியும் யாராவது சொன்னால் உதவியாக இருக்கும்.


பதில்: மேடை ஓவியன், காரைக்குடி

திருவிழா நாடகங்களுக்குக் கிரீடமும் மார்புப் பதக்கமும் செய்து கொடுத்த கை என்னுடையது. அட்டையும் ஜிகினாவுமாக இருந்த வேலையில் ஈவா ஃபோம் வந்த பிறகு எடையும் பாதியாயிற்று, முதுகுவலியும் பாதியாயிற்று.

முடி உலர்த்தியின் சூடு போதாது. பைக்குக்கு ஸ்டிக்கர் ஒட்டும் கடைகளில் வைத்திருக்கும் வெப்பக்காற்றுத் துப்பாக்கி வேண்டும். கேட்டால் ஒரு நாளுக்குத் தருவார்கள். ஃபோமிலிருந்து ஒரு சாண் தள்ளிப் பிடித்து, ஒரே இடத்தில் நிறுத்தாமல் அசைத்துக்கொண்டே இருங்கள். மங்கலாக இருந்த மேற்பரப்பில் ஒரு மெல்லிய பளபளப்பு ஓடுவது தெரியும், கத்திக்கீறல்கள் அடங்கும். அந்தக் கணத்தில் நிறுத்திவிட வேண்டும். அதையும் தாண்டினால் கொப்புளம் எழும்பும், துண்டு சுருங்கும். இரண்டு பக்கமும் இப்படிச் சூடு காட்டிவிட்டு, தடித்த கையுறையோடு, கவிழ்த்து வைத்த பித்தளைக் குடத்தின் மேல் துண்டை அமுக்கிப் பிடியுங்கள். பித்தளை சூட்டைச் சட்டென்று வாங்கிக்கொள்வதால் ஃபோம் சீக்கிரமே ஆறிக் குடத்தின் வயிற்று வளைவை அப்படியே பிடித்துக்கொள்ளும். கை சூட்டை உணர்கிற வரையில் விடாதீர்கள். வெதுவெதுப்பாக இருக்கும்போதே எடுத்தால் நீங்கள் கண்டதைப் போல நிமிர்ந்துகொள்ளும். கூர்மையான மடிப்பு வேண்டிய இடத்தில் பின்புறம் பாதித் தடிமனுக்குக் கீறி, பிறகு சூடாக்கி மடியுங்கள்.

வேலையின் வரிசை முக்கியம். வெட்டி, கீறி, சூடாக்கி, வளைத்து முடித்த பிறகே சொல்யூஷன் போட வேண்டும். ஒட்டியபின் இணைப்பின் மேல் அதிக நேரம் சூடு காட்டினால் அதுவும் வாய் திறக்கும். ஒட்டிக் காய்ந்து, ஓரங்களை உப்புத்தாளால் சீர்செய்த பிறகு, எழும்பிய இழைகள் அடங்கும் அளவுக்கு ஓர் ஓட்டம் ஓட்டினால் போதும்.

உங்கள் வண்ணம் வெடித்ததற்குக் காரணம் இடையில் பூச்சு இல்லாததுதான். ஃபோம் வளைகிறது, வண்ணம் வளைய மறுக்கிறது. சூடு காட்டி மேற்பரப்பை மூடியபின், நீரில் கரைத்த வெள்ளைப் பெவிகாலை ஐந்தாறு மெல்லிய பூச்சாகக் கொடுப்பது பழைய முறை. நான் இப்போது பயன்படுத்துவது மொட்டைமாடி ஒழுகாமல் இருக்கத் தடவும், ரப்பர் போல இழுபடும் வெள்ளை அக்ரிலிக் பூச்சு. கொஞ்சம் நீர் சேர்த்து மூன்று முறை, ஒவ்வொன்றும் நன்றாகக் காய்ந்த பிறகு அடுத்தது என்று தடவுங்கள். சுவர்ப் பட்டி மட்டும் வேண்டவே வேண்டாம். முதல் வளைவிலேயே செதிலாக உதிரும்.

வெள்ளி நிறத்தை முழுதாக அடித்தால் அலுமினியப் பாத்திரம் போலத்தான் இருக்கும். முழுக்கக் கருப்பு அக்ரிலிக் அடித்து, காய்ந்தபின் தூரிகையில் வெள்ளியைத் தொட்டுத் தாளில் துடைத்துவிட்டு, கிட்டத்தட்ட வறண்ட தூரிகையால் ஓரங்களையும் முனைகளையும் மட்டும் வருடுங்கள். தேய்மானம் எங்கே விழும் என்று யோசியுங்கள்: முழங்கை இடிக்கும் இடம், துப்பாக்கிப் பட்டை உரசும் இடம். உங்கள் வீரன் செவ்வாயில் இருக்கிறான் என்கிறீர்கள். அந்தக் கோளின் சிவப்புக்குக் காரணம் இரும்பு ஆக்சைடு. நம் ஊர்ச் செம்மண்ணின் சிவப்புக்கும் அதுதான் காரணம். சாலையோரம் ஒரு கைப்பிடி எடுத்து, மாவு சல்லடையில் அன்று, பழைய வேட்டித் துணியில் சலித்து, மினுமினுப்பில்லாத வார்னிஷில் கலந்து பள்ளங்களில் ஒற்றுங்கள். எந்தக் கடை வண்ணமும் அந்தத் தூசியைத் தராது.


பதில்: செருப்புக்கடைக்காரர், தேவகோட்டை

ஓவியர் ஐயா சொன்னதில் ஒன்றை மட்டும் மறுக்கிறேன். வெள்ளைப் பெவிகால் முறை நம் ஊர் வியர்வைக்குச் சரிப்படாது. அக்குள், கழுத்து ஓரங்களில் ஈரம் பட்டுப் பிசுபிசுக்கும். மாடிப் பூச்சே மேல். வார்களுக்குப் பசையோடு வரும் வெல்க்ரோவை நம்பாதீர்கள், அதுவும் வியர்வையில் உரியும். வெல்க்ரோவைத் தடித்த துணியில் தைத்து, அந்தத் துணியைச் சொல்யூஷனால் ஃபோமில் ஒட்டுங்கள்.


செவ்வாய்க்காவலன்

மூன்று வாரம் கழித்து எழுதுகிறேன். புதிதாகச் செய்த நெஞ்சுக்கவசத்தை மொட்டைமாடியில் பதினொரு மணி முதல் மூன்று மணி வரை வெயிலில் வைத்தேன். ஓர் இணைப்பும் பிரியவில்லை. இடது தோள்மூடியில் சூடு அதிகமாகிக் கொப்புளம் வந்தது. அதை அறுத்தெடுத்துவிட்டு அதன்மேல் 2 மி.மீ. ஃபோமில் ஒரு தகடும் நான்கு ஆணித்தலைகளும் ஒட்டினேன்; சண்டையில் அடிபட்டுப் பழுதுபார்த்தது போல இருக்கிறது, வலது தோளைவிட அதுவே நன்றாக இருக்கிறது என்கிறார்கள்.

ஒரு சங்கடம் மட்டும் மிச்சம். வளவின் ஆத்தங்குடிக் கல்லில் உள்ளங்கை அளவுக்குச் சொல்யூஷன் சிந்திக் காய்ந்துவிட்டது. அப்பத்தா இன்னும் பார்க்கவில்லை. தின்னர் போட்டுத் துடைக்கலாமா?


பதில்: செருப்புக்கடைக்காரர், தேவகோட்டை

தின்னர் பக்கமே போகாதீர்கள். அது சிமென்ட்டுக் கல். கரைந்த பசையை உள்ளே இழுத்துக்கொண்டு கறை பெரிதாகும். காய்ந்தது நல்லதாயிற்று. கட்டைவிரலால் ஓரத்திலிருந்து உருட்டினால் அழிரப்பர்த் துகளைப் போலத் திரண்டு வரும். வராத இடத்தில் செருப்பின் அடிக்குப் போடும் கிரேப் ரப்பர்த் துண்டால் தேயுங்கள்; எந்தச் செருப்புக்கடையிலும் சும்மாவே தருவார்கள். எடுத்தபின் அந்த இடம் மட்டும் மங்கலாகத் தெரியும். தேங்காயெண்ணெயைத் துணியில் தொட்டு, அந்த ஒரு கல்லை மட்டுமல்லாமல் பக்கத்துக் கற்களையும் சேர்த்துத் துடைத்துவிடுங்கள்.