குற்றவாளி செய்ததற்கு அரசு ஏன் பணம் தர வேண்டும்?

கரிசல்மண்:
அமிலம் வீசியவன் எவனோ, லட்சக்கணக்கில் எடுத்துக் கொடுப்பது நம் வரிப்பணம். இதை என்னால் ஏற்க முடியவில்லை. அவன் வீட்டை ஏலம் விட்டுக் கொடுக்கட்டும். அரசு கொடுத்ததும் ஊரே "அதுதான் பணம் வந்துவிட்டதே" என்று வாயை மூடிக்கொள்கிறது. புற்றுநோயில் தகப்பனை இழந்த பிள்ளைகளுக்கு இப்படி யார் கொடுக்கிறார்கள்?

நெய்தல்:
அண்ணா, என் சித்தி மகள் மீது வீசியவனிடம் இருந்தது ஒரு பழைய பைக்கும் கடனும்தான். எதை ஏலம் விடுவது? தீர்ப்பு வரவே நாலரை ஆண்டு. அதற்குள் ஒன்பது அறுவைச் சிகிச்சை. தொடைத் தோலை எடுத்துக் கழுத்தில் ஒட்டினார்கள். அது சுருங்கித் தாடையைக் கீழே இழுத்தது. சுருங்காமலிருக்க இறுக்கமான உறை ஒன்றைக் குளிக்கும் நேரம் தவிர நாளெல்லாம் போட்டிருக்க வேண்டும். சித்திரை வெயிலில் அதோடு அவள் மின்விசிறிக்கு நேரே உட்கார்ந்திருந்ததைப் பார்த்தவள் நான்.

படியேறி:
மாவட்ட நீதிமன்றத்தில் வழக்காடுகிறேன். நோய் வேறு, இது வேறு ஐயா. பழிவாங்கும் உரிமையை நம்மிடமிருந்து எடுத்துக்கொண்டு, "காப்பது என் பொறுப்பு" என்று ஏற்றது அரசு. காக்கத் தவறினால் ஈடு கட்டத்தான் வேண்டும். நியூசிலாந்தும் பிரிட்டனும் 1964இலேயே இதைத் தொடங்கிவிட்டன. நம் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் 357ஏ பிரிவு 2009இல்தான் நடைமுறைக்கு வந்தது. அதற்குப் பதிலாக வந்த புதிய சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவில் அது 396ஆம் பிரிவு. குற்றவாளி யாரென்றே தெரியாவிட்டாலும் விண்ணப்பிக்கலாம். அமில வீச்சுக்குக் குறைந்தது 3 லட்சம், அதில் ஒரு லட்சத்தை 15 நாளில் கொடுக்க வேண்டும் என்றது உச்ச நீதிமன்றம், 2013இல். பெண்களுக்கான 2018ஆம் ஆண்டு இழப்பீட்டுத் திட்டத்தில், முகம் சிதைந்தால் 7 முதல் 8 லட்சம். நீங்கள் கேட்கும் வசூலுக்கும் வழி உண்டு: கொடுத்த தொகையைக் குற்றவாளியிடமிருந்து மீட்க, இழப்பீட்டை முடிவு செய்யும் சட்டப்பணிகள் ஆணைக்குழு நீதிமன்றம் போகலாம்.

கரிசல்மண்:
"போகலாம்" என்றுதானே இருக்கிறது, "போக வேண்டும்" என்று இல்லையே! அங்கேதான் அவன் தப்பிக்கிறான். சிறையில் அவன் வாங்கும் கூலியிலாவது மாதாமாதம் பிடிக்க வேண்டும்.

நெய்தல்:
பிடியுங்கள், நான் தடுக்கவில்லை. அது அரசும் அவனும் தீர்த்துக்கொள்ள வேண்டிய கணக்கு. அவள் ஏன் அதற்குக் காத்திருக்க வேண்டும்? 15 நாள் என்றார்கள். எங்களுக்குப் பதினொரு மாதம் ஆனது. முதல் தகவல் அறிக்கை நகல், மருத்துவச் சான்று, வங்கிப் புத்தகம் எல்லாம் போட்ட மஞ்சள் பையோடு சித்தி ஏறாத படியில்லை. பணம் வந்த பிறகும் வங்கியில் திருப்பி அனுப்பினார்கள். பழைய கையெழுத்தோடு பொருந்தவில்லையாம். வலது கை வெந்தவளுக்குக் கையெழுத்து எப்படிப் பொருந்தும்?

கரிசல்மண்:
இதைப் படித்துவிட்டு வெகுநேரம் எதுவும் எழுத முடியவில்லை, தங்கச்சி. தாமதத்தில் உங்கள் பக்கம் நிற்கிறேன். வசூலை மட்டும் விட மாட்டேன். இழப்பீட்டில் முக்கால் பங்கை மூன்று ஆண்டு வங்கி வைப்பில் போடுகிறார்களே, அது நல்லதுதான். இல்லையென்றால் உறவுக்காரர்கள் கரைத்துவிடுவார்கள்.

நெய்தல்:
உறவுக்காரர்கள்தான் அண்ணா தாலிச்சங்கிலியை அடகு வைத்து மருந்து வாங்கினோம்.

படியேறி:
பட்டியல் சாதி, பழங்குடியினருக்கான வன்கொடுமைத் தடுப்பு விதிகளில், கொலை என்றால் பிரேதப் பரிசோதனை முடிந்ததும் இழப்பீட்டில் பாதி, குற்றப்பத்திரிகை போனதும் மீதி. தீர்ப்புக்குக் காத்திருப்பதில்லை. அந்த முறையை எல்லோருக்கும் கொண்டுவர வேண்டும் என்பதே என் வாதம். அம்மா, மருத்துவத் தேவைக்கு வைப்புத்தொகையை முன்னதாகவே எடுக்க விதிவிலக்கு உண்டு. மருத்துவரின் செலவு மதிப்பீட்டை இணைத்து மனுக் கொடுங்கள்.

நெய்தல்:
நாளையே வாங்குகிறேன் ஐயா. இடது இமை இன்னும் மூடவில்லை. ஈரத்துணி போட்டுத்தான் தூங்குகிறாள்.