மானாவாரி மக்காச்சோளம்: குருத்து வெளுக்கிறது, யூரியா போடலாமா?

குன்னம் காட்டுக்காரன்:
பெரம்பலூர் பக்கம், மூன்று ஏக்கர் கரிசல், முழுக்க மானாவாரி. புரட்டாசி மழையில் விதைத்த ஒட்டுரகம், இப்போது முழங்கால் உயரம். அடியுரமாக ஏக்கருக்கு இரண்டு மூட்டை டிஏபி (தழைச்சத்தும் மணிச்சத்தும் உள்ள உரம்) போட்டோம், வேறு எதுவும் இல்லை. நாலைந்து நாளாகப் புது இலைகள் வெளுத்து வருகின்றன. உரக்கடையில் கேட்டால், "தழைச்சத்து (நைட்ரஜன்) பற்றாக்குறை, உடனே யூரியா வீசுங்க" என்கிறார்கள். மண்ணோ மேலே காய்ந்து வெடிப்பு விட ஆரம்பித்துவிட்டது. மழை எப்போது என்று தெரியவில்லை. வீசலாமா?

வேப்பூர் விவசாயி:
காய்ந்த மண்ணில் வேண்டாம் அண்ணே. கரிசலில் சுண்ணாம்பு அதிகம். மேலாக வீசின யூரியா லேசான பனி ஈரத்தில் கரைந்து ஆவியாகப் போய்விடும், காசுதான் நஷ்டம். அதுவும் பயிர் தலைக்கு மேலே வீசினால் பாதி குருத்துக்குள் விழும், இலை கருகும்.
வெளுப்பு எந்த இலையில், எப்படி இருக்கிறது என்று சொல்லுங்கள்.

குன்னம் காட்டுக்காரன்:
அடி இலைகள் பச்சையாகத்தான் இருக்கின்றன. மேலே புதிதாக வரும் இலைகளில் நடுநரம்புக்கு இரண்டு பக்கமும் சுண்ணாம்பு தடவின மாதிரி அகலமான வெள்ளைப் பட்டை. இலையின் அடிப்பாதியில்தான் அதிகம். நடுநரம்பும் ஓரமும் பச்சை. செடியும் குட்டையாக இருக்கிறது.

வேப்பூர் விவசாயி:
அப்படியென்றால் இது தழைச்சத்து இல்லை, துத்தநாகப் (சிங்க்) பற்றாக்குறை. 'வெள்ளைக் குருத்து' என்பார்கள். தழைச்சத்து குறைந்தால் முதலில் அடி இலைதான் மஞ்சளாகும், நுனியில் ஆரம்பித்து நடுநரம்பு வழியாக உள்ளே இறங்கும். பொட்டாஷ், அதாவது சாம்பல்சத்து, குறைந்தாலும் அடி இலையில்தான் தெரியும், ஓரம் கருகும். புது இலையில் நரம்புக்கு நடுவே மெல்லிய மஞ்சள் கோடுகள் இலை முழுக்க ஓடினால் இரும்பைச் சந்தேகப்படலாம். உங்களுடையது அதுவும் இல்லை.
இரண்டு மூட்டை டிஏபியில் மணிச்சத்து (பாஸ்பரஸ்) மட்டும் 46 கிலோ. மானாவாரிக்கு ஒரு மூட்டையே தாராளம். மணிச்சத்து மிஞ்சினால் துத்தநாகத்தைப் பயிர் எடுப்பது குறையும். கரிசலில் ஏற்கெனவே அது கிடைப்பது கஷ்டம்.
இப்போதைக்குத் தெளிப்புதான் வழி. 10 லிட்டர் தண்ணீருக்கு 50 கிராம் சிங்க் சல்பேட், 100 கிராம் யூரியா. காலையிலோ வெயில் தாழ்ந்தோ இலை நனைய அடியுங்கள். பத்து நாள் கழித்து இன்னொரு தடவை. பாக்கெட்டில் துத்தநாகம் 21 சதவீதமா 33 சதவீதமா என்று பாருங்கள். 33 என்றால் 30 கிராம் போதும்.

மானாவாரி பித்தன்:
அடிக்கும் முன் குருத்தைப் பிரித்துப் பார்த்துவிடுங்கள். படைப்புழு இலையைச் சுரண்டினாலும் வெள்ளையாகத்தான் தெரியும். ஆனால் அது ஜன்னல் ஜன்னலாக இருக்கும், உள்ளே மரத்தூள் போல எச்சமும் கிடக்கும். புழு இருந்தால் அதற்கு மருந்து தனியாக அடியுங்கள். சிங்க் டேங்கிலேயே எல்லாவற்றையும் கலக்கும் பழக்கம் நம்ம ஊரில் நிறைய.

குன்னம் காட்டுக்காரன்:
பார்த்தேன், எச்சம் எதுவும் இல்லை. சரி, தெளிப்பு நாளைக்கு. அப்புறம் யூரியாவை விட்டுவிடலாமா?

வேப்பூர் விவசாயி:
விடக்கூடாது, மழைக்குக் காத்திருங்கள். டிஏபியிலிருந்து 18 கிலோ தழைச்சத்து கிடைத்திருக்கிறது. நல்ல மழை பெய்து மண் பதமானதும் ஏக்கருக்கு அரை மூட்டை யூரியா, செடியிலிருந்து நாலு விரல் தள்ளி வரிசையாக வைத்து, களைவெட்டோடு மண் அணைத்துவிடுங்கள். மண்ணுக்குள் போனால்தான் உரம். மீதி அரை மூட்டை ஆண்பூ வெளிவருவதற்கு முன், அப்போதும் ஈரம் இருந்தால் மட்டும். மழை ஏமாற்றினால் அந்த மூட்டை வீட்டிலேயே இருக்கட்டும். பொட்டாஷ் போடாததால் முதல் மேலுரத்தோடு கால் மூட்டை சேர்க்கலாம். கடனுக்கு வாங்கித்தான் போட வேண்டுமென்றால் விட்டுவிடுங்கள். மண் பரிசோதனையில் கரிசலில் பெரும்பாலும் சாம்பல்சத்து போதுமான அளவு இருப்பதாகத்தான் வரும்.

குன்னம் காட்டுக்காரன்:
அடுத்த பட்டத்துக்கு டிஏபியோடு சிங்க்கையும் கலந்து போட்டுவிடலாமா?

மானாவாரி பித்தன்:
கலக்காதீர்கள். இரண்டும் சேர்ந்தால் கரையாத உப்பாகிப் பயிருக்குக் கிடைக்காது. ஏக்கருக்கு 10 கிலோ சிங்க் சல்பேட்டை மணலோடு கலந்து கடைசி உழவு முடிந்ததும் தனியாகத் தூவுங்கள், டிஏபி விதைப்பு வரிசையில் போகட்டும். கோடையிலேயே மண் எடுத்துப் பரிசோதனைக்குக் கொடுத்துவிடுங்கள் அண்ணே, உரம் வாங்கின பிறகு கொடுத்துப் பயனில்லை.