நாலுக்கு மூணா, அஞ்சுக்கு நாலா?

குட்டி: எல்லோருக்கும் வணக்கம். ஒரு அவசர உதவி. மூன்று வாரத்தில் நண்பர்களோடு ஏரியில் வேக்போர்டு ஓட்டப் போகிறேன், படகு கயிற்றில் இழுக்கப் பலகையில் நின்று போவது. தண்ணீர் 12 டிகிரியாம். போர்டும் பூட்ஸும் வாங்கியதில் கை காலி. யாரிடமாவது பழைய வெட்சூட், அதான் குளிர் தண்ணீருக்குப் போடும் ரப்பர் உடுப்பு, இருக்கிறதா?

அம்மா: 12 டிகிரியா? உனக்கு ஃபேன் காற்றே ஆகாது

சித்தி: மூன்று வாரம் என்றால் சித்தப்பா பிறந்தநாள் ஆச்சே

அக்கா: 4/3. வேறு யோசிக்காதே

அப்பா: நாலின் கீழ் மூன்றா? அது தகாப் பின்னம்.

அக்கா: அப்பா!! உடம்புக்கு 4 மில்லிமீட்டர், கை காலுக்கு 3 மில்லிமீட்டர். தடிமன்

பெரிய மாமா: மருமகனே, முதலில் அடிப்படையைப் புரிந்துகொள். வெட்சூட் ஆளை நனையாமல் காப்பதற்கு இல்லை. 1952 வாக்கில் அமெரிக்காவின் பெர்க்லியில் இருந்த ஹியூ பிராட்னர் என்கிற இயற்பியல்காரர் பிடித்த சூட்சுமமே இதுதான்: ஆள் நனைந்தால் நனையட்டும், நியோப்ரீன் ரப்பருக்குள் அடைபட்ட குமிழ்கள் உடம்புச் சூட்டை வெளியே விடாமல் இருந்தால் போதும். ஆனால் உள்ளே புகுந்த தண்ணீர் அங்கேயே நிற்க வேண்டும். அது போய்ப் புதுத் தண்ணீர் வந்துகொண்டே இருந்தால், உடம்பு அதைச் சூடாக்கியே ஓய்ந்துவிடும். ஆகவே தடிமனைவிடப் பொருத்தம்தான் முக்கியம். கீழ்முதுகு, அக்குள், முழங்காலின் பின்பக்கம், எங்கேயும் பை மாதிரி தொங்கக் கூடாது. (தொடரும்)

சித்தி: அண்ணா, தொடருமா!

பெரிய மாமா: என் டைவிங் சூட் பரணில் சும்மாதான் கிடக்கிறது. 7 மில்லி. 20 வருடம்தான் ஆகிறது. எடுத்துக்கொள்.

அக்கா: வேண்டாம்டா. அதைப் போட்டுக்கொண்டு கயிற்றைப் பிடித்தால் அஞ்சு நிமிடத்தில் முன்னங்கை கல்லாகிவிடும். 20 வருடத்தில் ரப்பரும் கல்லாகியிருக்கும்

அப்பா: மச்சானிடம் இரவல் வாங்குமுன் யோசி. பின்னால் கணக்கு வரும்.

பெரிய மாமா: மாப்பிள்ளை, கேமரா விஷயத்தை நான் எடுக்கவே இல்லை.

அம்மா: யாரும் எடுக்க வேண்டாம்

அப்பா: அலை அடித்தது. நான் போடவில்லை.

சித்தி: குளத்தில் ஏது அத்தான் அலை

(அம்மா இந்தச் செய்தியை நீக்கிவிட்டார்)

குட்டி: அக்கா, 5/4 கூட அதே விலைக்கு வருகிறது. தடிமன்தானே நல்லது?

அக்கா: 10க்குக் கீழே போனால் 5/4, கூடவே தலைக்கு, கைக்கு எல்லாம் வேண்டும். 12க்கு 4/3 போதும், தோள் சுற்ற வேண்டாமா

பெரிய மாமா: நானாக இருந்தால் 5/4.

அக்கா: மலிவில் வாங்குகிறாய் என்றால் தையலைப் பார். தட்டையாக, உள்ளேயும் வெளியேயும் நூல் தெரிய ஓடினால் ஒவ்வொரு ஊசித் துளையிலும் தண்ணீர் வரும். வெயில் காலத்துக்கு அது சரி. உனக்கு வேண்டியது ஒட்டித் தைத்தது. ஊசி ரப்பரில் பாதி வரைதான் போகும், மறுபக்கம் வராது

பாட்டி: எம்மிங் மாதிரியா

அக்கா: அதேதான் பாட்டி! பசை மட்டும் கூடுதல்

பாட்டி: என் கண்ணாடி எங்கே என்று யாராவது பார்த்தீர்களா

குட்டி: ஜிப்?

அக்கா: நெஞ்சு ஜிப் கதகதப்பு, விலை ஜாஸ்தி. முதுகு ஜிப் போதும் உனக்கு. கழுத்து மட்டும் இறுக்கமாக இருக்கட்டும், குப்புற விழும்போது அங்கேதான் குபுக்கென்று இறங்கும். முதல் தடவை எனக்கு இறங்கியதில் நாலு நொடி மூச்சே வரவில்லை

அம்மா: இதை நீ என்னிடம் சொல்லவே இல்லையே

அக்கா: அப்புறம் இன்னொன்று. வேக்போர்டில் பாதி நேரம் நீ தண்ணீரில் இல்லை, நனைந்த உடுப்போடு காற்றில் நிற்கிறாய். அந்தக் காற்றுதான் ஆளைக் கொல்லும். நெஞ்சிலும் முதுகிலும் துணி ஒட்டாத வழவழ ரப்பர் இருந்தால் காற்று ஏறாது. நகம் பட்டால் கிழியும், பார்த்துப் போடு

சித்தி: சித்தப்பா கேட்கிறார், அன்றைக்கு வருவாயா மாட்டாயா

குட்டி: நண்பரின் நண்பர் ஒருவர் விற்கிறார். 4/3, ஒரு சீசன் போட்டதாம். (படம்)

அக்கா: முழங்காலைக் கிட்ட எடுத்து அனுப்பச் சொல்

குட்டி: (படம்)

அக்கா: அந்தக் கோடு மடிப்பா வெடிப்பா? விரலால் அமுக்கினால் பஞ்சு மாதிரி எழும்ப வேண்டும். கையில் வாங்கியதும் வெளிச்சத்துக்கு எதிரே பிடி. தையலில் புள்ளி புள்ளியாக வெளிச்சம் தெரிந்தால் திருப்பிக் கொடுத்துவிடு

அம்மா: ஊரார் போட்ட உடுப்பா? அதற்குள் என்னென்ன செய்திருப்பார்களோ

பெரிய மாமா: குளிரில் எல்லோரும் செய்வதுதான் தங்கச்சி. நானே ஒரு தடவை

அக்கா: மாமா போதும்

குட்டி: மாமா சூட் கேன்சல்

அம்மா: சரி, இதைப் போட்டால் மூழ்க மாட்டானா?

அக்கா: கொஞ்சம் மிதக்க வைக்கும், அவ்வளவுதான். லைஃப் ஜாக்கெட் மேலே கட்டாயம். குட்டி, இரண்டையும் சேர்த்துப் போட்டுப் பார். பூட்ஸுக்குள் 2 மில்லி சாக்ஸ் நுழைகிறதா என்றும் பார்த்துவிடு

அம்மா: புதிதாகவே வாங்கிக்கொள். பாதி நான் தருகிறேன்

அப்பா: மேல் பாதியா, கீழ்ப் பாதியா?

குட்டி: அப்படியென்றால் போன வருட மாடல் ஏதாவது தள்ளுபடியில் இருக்கிறதா பார்க்கிறேன். பழையதையும் சனிக்கிழமை போய்ப் பார்க்கிறேன்.

சித்தி: சனியா? கேக் சொல்ல நீதானே போகிறாய்

மாமி: உங்கள் மாமா பரணில் இருந்து அதை இறக்கி, காலில் பிளாஸ்டிக் கவர் மாட்டி எப்படியோ நுழைந்துவிட்டார். அரை மணி நேரம் ஆகிறது. ஜிப் இறங்கவில்லை. (படம்)

அக்கா: மாமி, கழுத்து வழியாக இரண்டு சொம்பு தண்ணீர் ஊற்றுங்கள், வழுக்கும்

பாட்டி: கண்ணாடி கிடைத்துவிட்டது. படத்தில் யாரது

அப்பா: மச்சான், படம் எந்தக் கேமராவில் எடுத்தது?